வவுனியா – ஒட்டுசுட்டான் தினப் பயணம்: யாராவது வழி சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. வீடு வவுனியாவில், வேலை ஒட்டுசுட்டானில். மாற்றலாகி மூன்று மாதம். விடிய 5 மணிக்கு ஏ9 வீதியில் பஸ் ஏறி, ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் தாண்டி மாங்குளம் சந்தியில் இறங்கி, முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். ஏ9 பிரச்சினை இல்லை. சீட் கிடைத்தால் ஒரு குட்டித் தூக்கமே போடலாம். உயிரை எடுப்பது சந்தியில் நிற்பதுதான். முதல் பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் அடுத்தது போயிருக்கும். போன கிழமை ஒரு பிளேன்டீயோடு முக்கால் மணித்தியாலம் நின்றேன். வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுந்துவிட்டது.

மோட்டார் சைக்கிளுக்கு அம்மா விடமாட்டேன் என்கிறா. அவ சொல்வதும் சரிதான். பொழுதுபட்டால் கட்டாக்காலி மாடுகள் தார் வீதியில் சூட்டுக்குப் படுத்திருக்கும். கறுப்பு மாடு என்றால் லைட் வெளிச்சத்திலும் கிட்டப் போகும்வரை தெரியாது. காட்டுப் பக்கம் யானைப் பயம் வேறு.

புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணியால் போகிறவர்கள் இருக்கிறீர்களா? காலையில் அந்த வழி பஸ்ஸை நம்பலாமா? ஆட்கள் சேர்ந்து வான் பிடித்துப் போகிறீர்கள் என்றால் ஒரு இடம் இருக்குமா, மாதம் எவ்வளவு? இல்லாவிட்டால் கிழமை நாட்களில் தங்க, ஒட்டுசுட்டான் பக்கம் பெண்களுக்கு அறை தருகிற வீடு ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள். சாப்பாட்டோடு என்றால் இன்னும் நல்லது. கட்டிக்கொண்டு போகும் புட்டு மத்தியானத்துக்குள் கல்லாகிவிடுகிறது, அதற்கும் யாரிடமாவது யோசனை இருக்கா?