பழைய பில்லிங் புரோகிராமின் செட்டிங்ஸ் கோப்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

கேள்வி:
வணக்கம். பெங்களூரு பீனியாவில் என் மாமா லேத் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே ஓடும் பில்லிங் புரோகிராமை பைதான் 2-இலிருந்து 3-க்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். பழையது 32 பிட். புரோகிராம் ஃபைல்ஸ் போல்டருக்குள்ளேயே ஒரு ஐஎன்ஐ கோப்பை (செட்டிங்ஸ் எழுதிவைக்கும் சாதாரண டெக்ஸ்ட் கோப்பு) வைத்துப் படிக்கும், எழுதும். வரி விகிதம், முகவரி, கடைசி பில் எண் எல்லாம் அதில்தான்.

நேற்று புதியதை 64 பிட்டில் அதே போல்டரில் வைத்து ஓட்டினேன். பில் எண் 1 என்று வந்தது. பழையதைத் திறந்தால் 4313. "ஏம்மா, கணக்கெல்லாம் போச்சா?" என்று மாமா கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. கோப்பை நோட்பேடில் பார்த்தால் இன்னும் வாட் வரி இருக்கிறது. ஜிஎஸ்டி 2017 ஜூலையிலேயே வந்தாயிற்று!

என் லினக்ஸ் லேப்டாப்பில் வேறு தொல்லை. வேறு போல்டரில் நின்று ஓட்டினால் செட்டிங்ஸே இல்லாததுபோல் நடக்கிறது, எரர்கூட வருவதில்லை. மாமா பையனிடம் மேக். மூன்றிலும் கோப்பை எங்கே வைப்பது?

பதில் 1:
கணக்கு போகவில்லை, பயப்படாதீர்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து சாதாரண லாகினில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முடியாது. மேனிஃபெஸ்ட் (எந்த அனுமதியோடு ஓட வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பு) இல்லாத பழைய 32 பிட் புரோகிராம் எழுதப் போனால், விண்டோஸ் சத்தமில்லாமல் அதை அந்த லாகினின் ஆப்டேட்டா, லோக்கல், வர்ச்சுவல்ஸ்டோர் போல்டருக்குத் திருப்பிவிடும். படிப்பதும் அங்கிருந்துதான். 64 பிட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. அது, பழையதை நிறுவிய நாளில் புரோகிராம் ஃபைல்ஸில் இருந்த கோப்பைப் பார்க்கிறது. வர்ச்சுவல்ஸ்டோர் லாகினுக்கு ஒன்று. எத்தனை பேர் பில் போடுகிறார்கள்?

பதில் 2:
லினக்ஸில் நடப்பது: கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால் நீங்கள் நிற்கும் போல்டரில்தான் தேடும். ஐஎன்ஐ கோப்பைப் படிக்கும் பைதானின் கான்ஃபிக்பார்சரில் உள்ள ரீட் கட்டளை, கோப்பு இல்லாவிட்டால் பேசாமல் தாண்டிப் போய்விடும். அது திருப்பித் தரும் பட்டியல் காலியா என்று கட்டாயம் பாருங்கள்.

கோப்பை வைக்கும் இடத்துக்கு பிளாட்ஃபார்ம்டிர்ஸ் என்ற பைதான் லைப்ரரி போதும். லினக்ஸில் ஹோமுக்குள் டாட் கான்ஃபிக், மேக்கில் லைப்ரரிக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட், விண்டோஸில் ஆப்டேட்டா என்று அதுவே எடுத்துக்கொள்ளும். முதலில் புது இடம். அங்கே இல்லையென்றால் பழையதிலிருந்து ஒருமுறை நகலெடுங்கள், பழையதை அழிக்காதீர்கள். அப்புறம், பில் எண் செட்டிங்ஸே அல்ல. அதை டேட்டாபேஸுக்கு மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்:
கிடைத்துவிட்டது, மிக்க நன்றி! மாமா லாகினின் கோப்பில் கடைசி பில் எண் 4312, அதனால்தான் திறந்ததும் அடுத்த எண் 4313 வந்தது. சனிக்கிழமை மட்டும் வரும் கணக்கரின் லாகினில் இன்னொரு கோப்பு, அதில் 212. அப்படியானால் 1 முதல் 212 வரை ஒரே எண்ணில் இரண்டிரண்டு பில்கள். இரண்டு கோப்புகளையும் பென்டிரைவில் எடுத்தாயிற்று. பில் எண்ணை டேட்டாபேஸில் வைக்கும் வரை புதியதை நிறுத்திவைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாமாவும் நானும் பில் கட்டுகளைப் பிரித்து உட்காரப் போகிறோம்.