கிளாட் (சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வு) இங்கிலீஷ் பத்திகளுக்கு நேரம் பத்தலையா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

கணக்கைப் பாருங்க. 120 கேள்வி, 120 நிமிஷம். ஒரு பத்தி 450 வார்த்தை வரைக்கும் போகும், கீழே அஞ்சாறு கேள்வி. நிமிஷத்துக்கு 150 வார்த்தைன்னா படிக்கவே மூணு நிமிஷம். 225 வந்துட்டா ரெண்டு. இங்கிலீஷ் பேப்பர் தலையங்கத்துல 450 வார்த்தையை எண்ணிக் கோடு போட்டு, ஸ்டாப்வாட்ச் வச்சுப் பாருங்க, உங்க வேகம் தெரிஞ்சிடும். பெரும்பாலும் நேரம் போறது படிச்ச வரிக்கே திரும்பிப் போறதால. பென்சில் முனையை வரிக்குக் கீழே ஓட்டிக்கிட்டே படிங்க. முடிஞ்சதும் "இவர் என்னதான் சொல்ல வர்றார்?"னு ஓரத்துல தமிழ்லயே ஒரு வரி எழுதுங்க. எழுத வரலைன்னா கண்ணு மட்டும்தான் போயிருக்கு. வரிக்கு வரி மனசுக்குள்ள தமிழாக்குற பழக்கம் வேற, அதை விட்டுடணும்.

*

சார் சொன்னது சரி, ஆனா வேகம் வந்த பிறகும் மார்க் போகுதே, அது எங்கேன்னா ஆப்ஷன்ல. "ஏரிகள் பல சுருங்கினதுக்கு ஆக்கிரமிப்பு ஒரு முக்கியக் காரணம்"னு பத்தியில இருக்கும். ஆப்ஷன் "ஏரிகள் சுருங்கக் காரணம் ஆக்கிரமிப்பே"ன்னு நிக்கும். மழை வந்தாலே வெள்ளத்துல தவிக்கிற வேளச்சேரிக்காரங்க கண்ணை மூடிக்கிட்டு டிக் அடிப்பாங்க! 'பல', 'ஒரு' ரெண்டும் நடுவுல காணாமப் போச்சு. சட்டப் பகுதியில 'அன்லெஸ்', 'ப்ரொவைடட் தட்' வந்தா வட்டம் போட்டுடுங்க, கேள்வி அந்த விதிவிலக்குலதான் ஒளிஞ்சிருக்கும். நிஜச் சட்டம் வேற மாதிரின்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தாலும், பத்தியில குடுத்த விதிப்படிதான் விடை.

*

அக்கா சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. தப்பு விடைக்கு 0.25 மார்க் போகும். நாலு ஆப்ஷன்ல ரெண்டைத் தப்புன்னு தள்ளிட்டீங்கன்னா மீதி ரெண்டுல ஒண்ணைப் போடறது லாபம்தான். ஓஎம்ஆர் தாளை (விடைக்கான வட்டத்தைக் கறுப்பாக்குற தாள்) கடைசியில மொத்தமா நிரப்பாதீங்க, ஒரு கேள்வியை விட்டது மறந்து ஒரு வட்டம் தள்ளிப் போனா அதுக்குக் கீழே அத்தனையும் தப்பு. பத்திக்குப் பத்தி நிரப்புங்க.

அப்புறம், பரீட்சை மதியம் 2 முதல் 4. சாப்பாட்டு மயக்கம் வர்ற நேரம். ராத்திரி பத்து மணிக்கு மாக் (மாதிரித் தேர்வு) எழுதி நல்ல ஸ்கோர் வந்தா நம்பாதீங்க. வாரம் ஒண்ணாவது அதே ரெண்டு மணிக்கு, போன்ல பார்க்காம பிரிண்ட் எடுத்து எழுதுங்க. வீட்ல சத்தம்னா, சென்னையில இருந்தா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல சொந்தப் புத்தகம் வச்சுப் படிக்கிற பிரிவு இருக்கு.