புதுப்பிப்பு: வாடகையைக் குறைக்கச் சொல்லும் விருந்தினர்கள்

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊரான முட்டத்தில் நாங்கள் நாள் வாடகைக்கு விடும் வீட்டைப் பற்றி விசாரிப்பவர்களில் பெரும்பாலோர் முதல் செய்தியிலேயே "கடைசி விலை என்ன?" என்று கேட்பதாகவும், மறுத்தால் வீடு காலியாகக் கிடக்குமோ என்று அஞ்சுவதாகவும் முன்பு எழுதியிருந்தேன். அதன்பின் நடந்ததைச் சொல்கிறேன்.

கேட்டவுடன் 500 ரூபாய் குறைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன். எந்தத் தேதி, எத்தனை பேர், எத்தனை இரவு என்று மட்டும் கேட்கிறேன்; பாதிப் பேர் அதற்குப் பதிலே அனுப்புவதில்லை. சபரிமலை பக்தர்கள் கன்னியாகுமரிக்கும் வந்து போகும் கார்த்திகை, மார்கழி மாதங்களிலும், சூரியன் மறைவதையும் நிலவு எழுவதையும் ஒரே மாலையில் காணக் கூட்டம் திரளும் சித்ரா பௌர்ணமியன்றும் ஒரு ரூபாயும் குறைப்பதில்லை. மாறாக, ஆனி மழையில் வீடு பூட்டிக் கிடக்கும் வார நாள்களில், மூன்று இரவு தங்குவோருக்கு நானே முன்வந்து அதில் ஓர் இரவுக்கு மட்டும் பாதி வாடகை வாங்குகிறேன்.

மதுரைக்காரர் ஒருவர் நான்கு முறை பேரம் பேசினார். அதிகாலை ரயிலில் பெற்றோருடன் வருவதாகப் பேச்சுவாக்கில் சொன்னதும், "வாடகை குறையாது சார், ஆனால் நண்பகல் வரை காத்திருக்க வேண்டாம், 6 மணிக்கே கதவைத் திறந்து தருகிறேன்" என்றேன். அடுத்த நிமிடமே முன்பணம் வந்தது. முந்தைய இரவு வீடு காலியாக இருந்ததால் எனக்கும் செலவில்லை.

"நம்ம வீடுதானே" என்று வரும் சொந்தக்காரர்களிடம் மட்டும் இந்த வழிகள் எதுவும் இதுவரை செல்லுபடியாகவில்லை.