பழைய சொகுசுக் கார் வாங்கலாமா? அனுபவசாலிகளின் ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்ற அப்பாவுக்காக, 7 ஆண்டுகள் ஓடிய ஜெர்மானியச் சொகுசுக் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். புது வண்டியின் விலையில் பாதிகூட இல்லை என்பதே எனக்கு அச்சமாக இருக்கிறது. உத்தரவாதம் முடிந்தபின் காற்றழுத்த சஸ்பென்ஷன் (குலுக்கலைத் தாங்கும் அமைப்பு), கியர்பாக்ஸ், மின்னணுப் பாகங்கள் ஆகியவற்றின் பழுதுச் செலவு முழுவதும் அடுத்து வாங்குபவர் தலையில் விழுவதால் இத்தகைய வண்டிகளின் விலை வேகமாகச் சரிகிறது என்றும், டொயோட்டாவின் சொகுசுப் பிராண்டான, அதனுடன் பல பாகங்களைப் பகிர்ந்துகொள்ளும் லெக்சஸ் நம்பகத்தன்மையால் மதிப்பை ஓரளவு காத்துக்கொள்கிறது என்றும் அறிந்தேன். ஜப்பானில் ஓடி, செப்பனிடப்பட்டு இங்கே இறக்குமதியாகும் ரீகண்டிஷன் வண்டிகளின் போட்டியும் விலை சரிய ஒரு காரணமாம்.

இவ்வகை வண்டியை ஐந்தாறு ஆண்டுகள் வைத்திருந்தவர்கள், ஆண்டுக்கு எத்தனை ரிங்கிட் செலவானது, விற்கும்போது என்ன கிடைத்தது, வாங்குமுன் எதையெல்லாம் பரிசோதிக்க வேண்டும் என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள். ஈப்போவில் நேர்மையான பட்டறை தெரிந்தாலும் சொல்லுங்கள்.