அரை ஏக்கர் மல்பெரியை நம்பிப் பட்டுப்புழு வளர்க்கலாமா?

கேள்வி:
நானும் என் மனைவியும் அரை ஏக்கர் மல்பெரித் தோட்டத்தை வைத்துக்கொண்டு, வீட்டை ஒட்டிய அறையில் மூன்று முறை பட்டுப்புழு வளர்த்தோம். முதல் இரண்டு முறையும் கூடு நன்றாகவே வந்தது. அந்தத் துணிச்சலில் மூன்றாம் முறை முட்டைத் தொகுதிகளைக் கூட்டி வாங்கினோம். கூடு கட்டும் முன் வரும் கடைசி வளர்ச்சிக் கட்டமான ஐந்தாம் பருவத்தின் நான்காம் நாளே இலை தீர்ந்துபோய், மெல்லிய கூடுகளே மிஞ்சின. இதை நிலையான குடிசைத் தொழிலாகக் கொள்ள முடியுமா?

மறுமொழி 1:
முடியும் ஐயா, இலைக்கணக்கு சரியாக இருந்தால். ஒரு தொகுதியில், அதாவது ஓர் அந்துப்பூச்சி இட்ட முட்டைகளில், 400 முதல் 500 முட்டைகள் இருக்கும். ஒரு புழு ஏறத்தாழ 20 கிராம் இலை தின்னும் என்று வைத்தால், தொகுதிக்கு 8 முதல் 10 கிலோ இலை வேண்டும். அதில் ஐந்தில் நான்கு பங்கு ஐந்தாம் பருவத்தின் ஏழெட்டு நாட்களிலேயே செலவாகிவிடுகிறது என்பதுதான் புதியவர்களை ஏமாற்றுகிறது: முதல் மூன்று பருவங்களுக்குக் கூடைத் தளிரே போதும்போலத் தோன்றும், பிறகோ அறைக்குள் மழை பெய்வதுபோல இலை கடிபடும் சத்தம் இரவெல்லாம் கேட்கும். அறையில் எத்தனை தட்டு அடங்கும் என்று பார்த்து முட்டை வாங்காதீர்கள். பத்துச் செடிகளின் இலையைப் பறித்து எடைபோட்டு, மொத்தச் செடிகளுக்குக் கணக்கிட்டு, ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு முட்டைக்குச் சொல்லுங்கள்.

மறுமொழி 2:
இலை மட்டும் போதாது. தோலுரிப்புக்காகத் தலையைத் தூக்கி அசையாமல் நின்ற புழுக்களைப் பசியென்று எண்ணி நான் ஒருமுறை ஈர இலையைப் போட்டேன். சில நாட்களில், உடல் வீங்கி, தொட்டால் பால்போல நீர் கசியும் புழுக்கள் தட்டுதோறும் தெரிந்தன. அது வைரஸ் நோய்தான் என்றாலும், ஈரமும் நெரிசலும் அதை வளர்த்துவிட்டன. இப்போது தோலுரிப்பின்போது தீனியை நிறுத்தி, சுண்ணாம்புத் தூள் தூவிப் படுக்கையை உலர்வாக வைக்கிறேன். பெப்ரின் என்ற நுண்ணுயிர் நோய் தாய் அந்துப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவும் வருவதால், வீட்டிலேயே முட்டை எடுக்கும் ஆசையும் வேண்டாம்.

மறுமொழி 3:
எச்சமும் மிச்ச இலையும் எருவாகித் தோட்டத்துக்கே திரும்புவது இத்தொழிலின் பெரிய பலம். ஆனால் நோய்ப்பட்ட புழுக்களை எருக்குழியில் போடாமல், தொலைவில் சுண்ணாம்பு இட்டுப் புதைத்துவிடுங்கள்.

கேட்டவர்:
இன்று காலை பத்துச் செடிகளை எடைபோட்டோம். சென்ற முறை வாங்கிய முட்டையில் பாதிக்குத்தான் இலை தேறுகிறது. அடுத்த முறை அவ்வளவே வாங்குகிறோம்.