போஸ்டர் ஸ்டாம்ப்: கெடுத்த கதையும் கிடைத்த கதையும்

நியூஜெர்சியிலிருந்து:

போஸ்டர் ஸ்டாம்ப் சேர்க்கும் நம் குழுவில் எல்லோரும் தங்களுக்குக் கிடைத்ததைச் சொல்கிறீர்கள். நான் கெடுத்ததைச் சொல்கிறேன்.

முதலில், போஸ்டர் ஸ்டாம்ப் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். பார்க்க அஞ்சல்தலை மாதிரியேதான் இருக்கும். பின்னால் பசை, ஓரத்தில் பல், எல்லாம் உண்டு. தபால் கட்டணம் மட்டும் அச்சாகியிருக்காது, ஏனென்றால் தபால் ஆபீஸுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. கண்காட்சிக்கு அடித்த சுவரொட்டியைச் சின்னதாக்கி, 'உங்கள் கடிதத்தில் ஒட்டி அனுப்புங்கள்' என்று மக்கள் கையில் கொடுத்த விளம்பரத் துண்டு. முதல் உலகப் போருக்கு முந்தைய சில வருடங்கள் ஐரோப்பாவில், அதிலும் ஜெர்மனியில், இதைச் சேர்ப்பது ஒரு பைத்தியமாகவே இருந்தது. போர் வந்ததும் அடங்கியது. 1930களில் மறுபடி கிளம்பியது.

நான் சேர்ப்பது 1939 நியூயார்க் உலகக் கண்காட்சி மட்டும்தான். அதற்கு ஒரு தோசைதான் காரணம். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போனால், கீழே கேண்டீனில் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகளை ஃப்ளஷிங் மெடோஸ் பூங்காவுக்குக் கூட்டிப்போவது எங்கள் வழக்கம். அங்கே நிற்கும் பெரிய எஃகு பூகோளம், யூனிஸ்பியர், 1964 கண்காட்சிக்குச் செய்தது. அதே இடத்தில் 1939ல் வேறொரு உருண்டை இருந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. வெள்ளை வெளேரென்று, 180 அடி விட்டம், பெயர் பெரிஸ்பியர். அதை ஒட்டி 610 அடிக்கு ஊசி மாதிரி ஒரு கோபுரம், ட்ரைலான். அதற்கும் முன்னால் அந்த இடம் முழுக்கச் சாம்பல் கொட்டும் மேடு. அருகிலேயே உள்ள குயின்ஸ் மியூசியம் 1939ல் கட்டிய கட்டடம்தான். 1946 முதல் 1950 வரை ஐ.நா. பொதுச்சபை அதில்தான் கூடியது. இதெல்லாம் தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஒரு ஸ்டாம்ப் ஷோவில், டீலர் ஒருவரின் மலிவுப் பெட்டியில் ஒரு கவர் கிடைத்தது. நான்கு டாலர். வலது மூலையில் 3 சென்ட் ஊதா ஸ்டாம்ப், அந்தக் கண்காட்சிக்காகவே 1939 ஏப்ரல் 1 அன்று வெளியிட்டது. ஊசியும் உருண்டையும் அதிலேயே இருக்கும். அதற்கு இடப்பக்கம் நீலமும் ஆரஞ்சுமாக ஒரு போஸ்டர் ஸ்டாம்ப். தபால் முத்திரையின் அலைக்கோடுகள் ஊதா ஸ்டாம்பின் மேல் ஓடி, பக்கத்தில் இருந்த லேபிளையும் (போஸ்டர் ஸ்டாம்பைத்தான் அப்படிச் சொல்கிறேன்) தொட்டிருந்தன.

சின்ன வயதில் அப்பா பழக்கிய பழக்கம் ஒன்று உண்டு. கவரின் மூலையை வெட்டு, கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், கால் மணி நேரம், ஸ்டாம்ப் தானாக மிதந்து வரும், செய்தித்தாளில் கவிழ்த்துக் காயவை. கை யோசிக்காமல் அதையே செய்தது. ஊதா ஸ்டாம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆரஞ்சு மட்டும் கரைந்து, கிண்ணத்துத் தண்ணீர் ரஸ்னா மாதிரி ஆகிவிட்டது. அஞ்சல்தலை தண்ணீரைத் தாங்கும் என்று தெரியும். விளம்பரத் துண்டுக்கும் அந்த மையைத்தான் போட்டிருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஷோவில் அதே டீலரிடம் புலம்பினேன். மனிதர் மை கரைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கவரை ஏன் வெட்டினாய் என்றுதான் கேட்டார். அவர் விளக்கியபோதுதான் உறைத்தது. தனி லேபிளுக்குப் பஞ்சமே இல்லை. அந்தக் காலத்தில் வாங்கி ஒட்டாமலே வைத்துவிட்ட முழுத் தாள்கள் இன்றும் வருகின்றன. ஆனால் முத்திரை அஞ்சல்தலை, லேபிள் இரண்டின் மேலும் சேர்ந்து விழுந்திருந்தால், இன்ன தேதியில் இன்ன ஊரில் ஒருவர் இதை ஒட்டி அனுப்பியிருக்கிறார் என்பதற்கு அது சாட்சி. நான் அந்தச் சாட்சியைத்தான் கத்தரிக்கோலால் கலைத்தேன். முகவரி இருந்த பாதி குப்பைக்குப் போய்விட்டது. ஓஹையோவில் ஒரு பெண்மணிக்கு என்பது வரை ஞாபகம் இருக்கிறது, பெயர் வரவில்லை.

இப்போது கவரோடு இருப்பதைத் தவிர வேறெதையும் வாங்குவதில்லை. என்னிடம் உள்ளதில் பிடித்தது, 1940 முத்திரை விழுந்த கவரில் 1939 லேபிள். கண்காட்சியின் முழக்கம் முதல் வருடம் 'நாளைய உலகம்'. செப்டம்பரில் போர் தொடங்கிவிட்டது. இரண்டாம் வருடம் 'அமைதிக்காக, விடுதலைக்காக' என்று மாற்றினார்கள். சோவியத் மண்டபத்தையே இடித்துவிட்டிருந்தார்கள். கடைசியில் ஊசியும் உருண்டையும்கூடப் பழைய இரும்பாகப் போர்த் தளவாடத்துக்குப் போயின. என் கவரை அனுப்பியவரோ வீட்டில் மிச்சமிருந்த 'நாளைய உலக'த்தை ஒட்டித் தீர்த்திருக்கிறார்.

சான் பிரான்சிஸ்கோ பக்கத்திலிருந்து:

என்னுடையது 1915. பனாமா கால்வாய் திறந்ததைக் கொண்டாட இங்கே நடந்த கண்காட்சி, பிப்ரவரி 20 முதல் டிசம்பர் 4 வரை. கராஜ் சேலில் வாங்கிய பழைய சமையல் புத்தகத்தில், கேக் பக்கத்தில் யாரோ இந்த லேபிளை அடையாளத்துக்கு வைத்திருந்தார்கள். கிரேக்கப் புராணத்தில் பன்னிரண்டு பெரிய வேலைகளை முடித்த ஹெர்குலிஸ், இரண்டு பக்க மலையையும் தள்ளிப் பிளந்து கால்வாய்க்கு வழிவிடுகிற படம். பெர்ஹாம் நால் வரைந்த சுவரொட்டி அது, 'ஹெர்குலிஸின் பதின்மூன்றாம் வேலை'. 1906 நிலநடுக்கத்தில் தரைமட்டமான ஊர் ஒன்பதே வருடத்தில் இப்படியொரு படத்தைப் போட்டுக்கொண்டது எனக்குப் பிடிக்கிறது, கொஞ்சம் தற்பெருமைதான் என்றாலும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தப் படத்துக்குப் புது அச்சுகள் நிறைய. நான் ஒரு தடவை ஏமாந்தேன். புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் அடித்தால், வெண்மைக்காக ரசாயனம் சேர்த்த இக்காலத் தாள் நீலமாக மின்னும். 1915ல் அந்த ரசாயனம் கிடையாது, அதனால் பழைய தாள் மங்கலாகவே இருக்கும்.

புதுச்சேரியிலிருந்து:

நியூஜெர்சி அண்ணாவுக்கு ஒரு செய்தி. தாத்தா பெட்டியில் கிடைத்த ஸ்டாம்ப் ஒன்றில் நியூயார்க் கண்காட்சி என்று பிரெஞ்சில் இருந்தது. நியூயார்க்குக்கும் நம்மூருக்கும் என்ன சம்பந்தம், ஏதோ விளம்பரத் துண்டு என்று பல வருடம் லேபிள் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அப்புறம் பார்த்தால் அசல் அஞ்சல்தலை! 1939ல் பிரான்ஸ் தன் காலனிகள் பலவற்றுக்கும் ஒரே படத்தைப் போட்டு, பெயரையும் விலையையும் மட்டும் மாற்றி அச்சடித்திருக்கிறது. பிரெஞ்சிந்தியாவுக்கு இரண்டு: 1 ஃபனோன் 12 காஷ், 2 ஃபனோன் 12 காஷ். வேறொன்றும் இல்லை, நம்ம பணமும் காசும்தான் பிரெஞ்சு வாயில் அப்படி ஆகிவிட்டது. 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். என்னிடம் இருப்பது ஒன்றரைப் பணம்.

விலை போட்டிருக்கிறதா என்று முதலிலேயே பார்த்திருக்கலாம். பார்த்தேன், அது விலை என்று புரியவில்லை.

நியூஜெர்சியிலிருந்து:

அந்த ஒன்றரைப் பணம் தனியாகவா, கவரோடவா தம்பி? கவரோடு இருந்தால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்துப் போடுங்கள். யாருக்குப் போன கடிதம் என்று பார்க்க வேண்டும்.