கண்ணாடியில அடிபட்ட ஆறுமணிக்குருவி, உங்களுக்கும் இப்பிடி நடந்திருக்கோ?

வெள்ளவத்தை 7ம் மாடி:
போன ஒக்டோபர், ஒரு விடியக்காலமை பால்கனிப் பக்கம் டொம் எண்டு ஒரு சத்தம். 7ம் மாடிக்கு ஆர் பந்தெறியிறது எண்டு யோசிச்சுக்கொண்டு கதவைத் திறந்தா டைல்ஸ்ல ஒரு குருவி சரிஞ்சு கிடக்குது. முதுகு பச்சை, தோளில நீலம், வயித்துக்குக் கீழ குங்குமச் சிவப்பு, கண்ணுக்கு மை இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குது. கையில தூக்கினா நிறையே தெரியேல்ல, நெஞ்சு மட்டும் படபட எண்டு அடிக்குது.

பெரியம்மாவுக்கு வீடியோ கோல்ல காட்டினன், பாத்த உடன "இது ஆறுமணிக்குருவியடி பிள்ளை" எண்டா. காலமையும் பின்னேரமும் ஆறு மணி மட்டில கத்துமாம், அதால அந்தப் பேர். பிறகு தேடி வாசிக்கத்தான் விளங்கிச்சு, இது இமயமலை அடிவாரத்திலயும் வட, மத்திய இந்தியாவிலயும் குஞ்சு பொரிச்சிட்டு ஒக்டோபர் மட்டில இஞ்ச இலங்கைக்கு வாற குருவி, ஏப்ரல் மட்டில திரும்பிப் போயிடும். பறக்கிறது இரவில. அவ்வளவு தூரம் பறந்து களைச்சு வரேக்க எங்கட மாடி லைட்டுகள் அதை இழுத்துப்போடும், விடிஞ்சாப்பிறகு கண்ணாடியில தெரியிற மரத்தை உண்மையான மரம் எண்டு நம்பி நேர வந்து அடிபடும்.

சப்பாத்துப் பெட்டியில துவாய் விரிச்சு, மூடியில ஓட்டை போட்டு, இருட்டறையில வைச்சன். தண்ணி பருக்கு பருக்கு எண்டு வீட்டில ஒரே ஆக்கினை, நான் விடேல்ல, மயங்கிக் கிடக்கிறதுக்கு வாயில தண்ணி விட்டா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஒண்டரை மணித்தியாலத்தில பெட்டிக்குள்ள சரசர எண்டு நடக்கிற சத்தம் கேட்டுது. கீழ கொண்டுபோய் பின்வளவுப் பலாமரத்தடியில திறந்துவிட்டன், கொஞ்சநேரம் பேசாம நிண்டு அந்தக் கட்டை வாலை ஆட்டிப்போட்டு சருகுக்குள்ள பாஞ்சிட்டுது.

அடுத்த கிழமை இன்னொண்டு. அதே கண்ணாடி. அது தப்பேல்ல. ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கேல்ல.

தெஹிவளைத் தம்பி:
அக்கா, எங்கட வீட்டில நடந்ததையும் சொல்லத்தான் வேணும். பின்னுக்கு ஒரு பழைய வீடு கனகாலமா பூட்டிக்கிடக்குது, அதின்ர கூரைக்குள்ள ஒரு கூகை இருந்தது, வெள்ளை முகம். அம்மம்மா அதைச் சாக்குருவி எண்டு சொல்லி அது கத்தினாலே காதைப் பொத்துவா. எனக்கெண்டா சரியான விருப்பம், இரவில மொட்டைமாடியில இருந்து பாப்பன், சத்தமே இல்லாம ஒரு துணி பறக்கிற மாதிரி போகும். அந்த முறை எலி கூடிட்டுது எண்டு குசினியிலயும் கானுக்குப் பக்கத்திலயும் நாங்கள்தான் எலிமருந்து வைச்சனாங்கள். பத்து நாள் இருக்கும், கூகை மதிலடியில செத்துக்கிடந்தது, மேலில ஒரு காயமும் இல்லை, மூக்கில மட்டும் கொஞ்சம் ரத்தம். மிருக வைத்தியரிட்ட கேட்டன். இந்த மருந்து ரத்தத்தை உறைய விடாதாம், திண்ட எலி உடன சாகாம நாலைஞ்சு நாள் சோம்பிச் சோம்பித் திரியுமாம், அப்பிடியான எலியைத்தான் கூகை லேசாப் பிடிக்கும், மருந்து அதுக்குள்ளயும் போயிடும். உங்கட மருந்தாத்தான் இருக்கும் எண்டு அவர் சொல்லேக்க எனக்குத் தலை நிமிர ஏலாம இருந்தது. எலியைப் பிடிச்சுக்கொண்டிருந்ததே அதுதானே. இப்ப கூட்டுப்பொறி மட்டும்தான், குப்பை வாளிக்கு இறுக்கமான மூடி.

கொட்டாஞ்சேனை மிஸ்:
ரெண்டு பேரும் எழுதினத வாசிச்சு மனசே சரியில்ல. நான் பாத்தது காலிமுகத்திடல்ல, பட்டம் விடுற சீசன். அறுந்த நைலோன் நூல் ஒரு காக்கா கால்ல சுத்தி, அது போய் தென்னை மட்டையில மாட்டி தலைகீழா தொங்குது. மத்த காக்காவெல்லாம் சுத்திச் சுத்திக் கத்துதுங்க. ஒரு கடலைக்கார ஐயா ஏணி கொண்டு வந்து வெட்டி இறக்கினாரு, ஆனா நூல் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்திச்சு. இப்ப நான் பிள்ளைங்களோட போனா கீழ கிடக்கிற நூலையெல்லாம் பொறுக்கிச் சுருட்டி எடுத்துட்டு வந்து துண்டு துண்டா வெட்டித்தான் குப்பையில போடுவோம். 2018ல கொழும்புக்கு ராம்சர் ஈரநில நகரம்னு, அதாவது சதுப்பு நிலங்களப் பாதுகாக்கிற நகரம்னு, பேர் குடுத்தாங்க, பிள்ளைங்களுக்கு அத வகுப்புல பெருமையாத்தான் சொல்லிக்குடுக்கிறேன், ஆனா அதே ஊர்லதான் பறவைங்களுக்கு இப்பிடியும் நடக்குது.

வெள்ளவத்தை 7ம் மாடி:
தம்பி, தெரியாமச் செய்ததுதானே, நீர் இதை எழுதினதே பெரிய விசயம். மிஸ், பிள்ளையளுக்கு என்ர அன்பைச் சொல்லுங்கோ.

கண்ணாடிக்கு என்ன செய்தனீங்கள் எண்டு இன்பொக்ஸ்ல கேட்டவைக்கு: ஒரு பருந்து ஸ்டிக்கர் ஒட்டினா காணாது, அதைச் சுத்திப் பறந்து மற்றப் பக்கத்தில அடிபடும். வெளிப்பக்கமா, ரெண்டு அங்குலத்துக்கு ஒண்டு எண்டு முழுக் கண்ணாடிக்கும் வெள்ளைப் புள்ளி வைச்சிருக்கிறன். உள்ளுக்கு ஒட்டினா வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறதில மறைஞ்சுபோகும். மொட்டைமாடி லைட்டை ஒக்டோபர், நவம்பர் மட்டுமாவது பத்து மணிக்குப் பிறகு நிப்பாட்டுங்கோ எண்டு கமிட்டியில மூண்டு தரம் கேட்டு, கடைசியா ஓமெண்டவை. காயம் பெரிசெண்டா வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 எண்ட நம்பருக்கு கோல் அடியுங்கோ, வீட்டில வைச்சு வளக்க வெளிக்கிடாதேங்கோ.

இந்த வருசம் புள்ளி வைச்ச பிறகு இதுவரைக்கும் ஒண்டும் அடிபடேல்ல. முந்தாநாள் பின்னேரம் பலாமரப் பக்கமிருந்து ஒரு விசில் ரெண்டு தரம் கேட்டுது. மணியைப் பாத்தன், ஆறேகால்.